வடக்கே கொண்டுபோன திறாங்கு

தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு குளியலறையை விட்டு வெளியே வந்தபோது, எங்கள் சோபாவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார்.

நாற்பது வயது இருக்கும். பூப்போட்ட தடித்த மேலங்கி. சப்பாத்துகளைக் கழற்றிக் கதவடியில் ஒழுங்காக வைத்திருந்தார். இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல இருந்தார். என்னைக் கண்டதும் புருவங்களை உயர்த்திச் சிரித்தார்.

அந்த ஊருக்கு நாங்கள் வந்து இறங்கி ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை. கணவர் புது வேலைக்குப் போயிருந்தார். ஐந்து வயது ஆரணி அறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் கத்தியிருக்கலாம். ஆனால் கத்துவதற்கு அந்த முகத்தில் ஒரு காரணமும் இருக்கவில்லை. அதனால் தேநீர் போட்டேன்.

அவர் இரண்டு கோப்பை குடித்தார். மொன்றியலிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பருத்தித்துறை வடையில் ஒன்றை எடுத்து, திருப்பிப் பார்த்து, மணந்து, கடித்தார். நொறுங்கும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "குட்" என்று ஒரு சொல் சொன்னார். எழுந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் கணவர் சாப்பிட வந்ததும் சொன்னேன்.

"ஒரு மனுசி வந்து இருந்திட்டுப் போறா."

"ஆர்?"

"தெரியாது."

"என்னத்துக்கு வந்தவவாம்?"

"தெரியாது. வடை சாப்பிட்டவா."

"கதவைத் தட்டினவவோ?"

"இல்லை. குளிச்சிட்டு வாறன், சோபாவிலை இருக்கிறா!"

"கள்ளர் எண்டால் சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டே களவெடுப்பினம்?" என்று இவர் சிரிக்கத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீங்கள் முதல்லை அந்த நீலச் சூட்கேசைத் திறவுங்கோ."

அந்தப் பெண்ணின் பெயர் அலாசி. பக்கத்து வீடு. இன்று என் மகள் ஆரணிக்கு இருபத்தைந்து வயது. தாதியாகப் படித்து, மூன்று வாரங்களுக்கு முன் அதே ஊருக்கு வேலைக்குப் போயிருக்கிறாள். போன சனிக்கிழமை அங்கிருந்து அழைத்து இரண்டு கேள்விகள் கேட்டாள். இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டேன். முதல் பதிலை இருபது வருடமாக மறைத்து வைத்திருந்தேன். இரண்டாவது சரியோ பிழையோ என்று எனக்கு இன்னும் தெரியாது.

இந்த வாரம் இந்தப் பத்தியில் வேறு விடயம் எழுதுவதாக இருந்தேன். முடியவில்லை.

நீலச் சூட்கேஸ்

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடி வீட்டைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, அதே கட்டடத்தில் அப்போது இருந்தவரும் இப்போது லொங்குய்யில் இருப்பவருமான ஒரு வாசகி அழைத்தார்.

"எல்லாம் எழுதினீங்கள் அக்கா. கதவிலை எத்தினை பூட்டுப் போட்டு வைச்சிருந்தனீங்கள் எண்டு எழுதேல்லையே. உங்களிட்டைச் சீனி கடன் வாங்க வந்தால், நீங்கள் ஒவ்வொண்டாத் திறக்கிற நேரத்துக்கு நான் கடைக்கே போட்டு வந்திருப்பன்."

மூன்று பூட்டு. உண்மைதான்.

கணவருக்குத் தொழிற்சாலை வேலை போன வருடம் அது. கியூபெக்கின் வடக்கு முனையில் உள்ள ஓர் ஊரில், பலசரக்குக் கடைக்கு ஆள் தேவை, வீடும் தருவார்கள் என்று யாரோ சொன்னார்கள். இனுயிட் மக்களின் ஊர். முந்நூறு பேர் இருந்தாலே அதிகம். தெருவழியாகப் போக முடியாது. விமானம்தான். கோடையில் கடல் உருகியதும் கப்பல் வரும். அடுத்த கோடைவரை கெடாமல் இருக்கக்கூடியதையெல்லாம் அதில்தான் எடுப்பிக்க வேண்டும்.

நான் இரண்டு மூட்டை அரிசியும், ஒரு வருடத்துக்கு வறுத்து இடித்த தூளும் கட்டினேன். பார்க் அவெனியூ இரும்புக்கடையில் ஒரு திறாங்கும் வாங்கினேன். யாழ்ப்பாணத்தில் கதவின் உட்புறத்தில் போடும் தாழ்ப்பாளை அப்படித்தான் சொல்வோம். கைப்பிடி அளவு நீளம், நல்ல கனம், நான்கு ஆணி. இவர் இடுப்பில் கட்டும் பழைய சாரம் ஒன்றில் சுற்றி நீலச் சூட்கேசின் அடியில் வைத்தேன்.

இவர் கண்டுவிட்டார்.

"இஞ்சேரும், அங்கை இருக்கிறது முந்நூறு சனம். நீர் என்ன, பனிக்கரடிக்கே திறாங்கு போடப்போறீர்?"

"கரடிக்கும் சேர்த்துத்தான்."

அலாசி வந்து போன அன்று பின்னேரமே அது முன்கதவில் ஏறியது. அந்த ஊரில் உள்ளே திறாங்கு போட்ட ஒரே வீடு எங்களுடையது என்று எனக்கு அப்போது தெரியாது. ஊருக்கு ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிட்டது.

புருவத்தால் ஓம்

அந்த ஊரைப் பற்றி நினைத்தால் முதலில் வருவது ஒரு சத்தம். காய்ந்த பனியில் நடக்கும்போது காலடியில் கேட்கும் நறநறப்பு. குளிர் கூடக்கூட அந்தச் சத்தம் கூர்மையாகும். யாராவது வீட்டைக் கடந்து போனால், அந்தச் சத்தத்தை வைத்தே எத்தனை கை உறை போடவேண்டும் என்று சொல்லிவிடுவேன்.

அடுத்தது வாசனை. பனி வண்டியின் பெற்றோல், காயப்போட்ட மீன், பதனிட்ட தோல், இவற்றுக்கு நடுவே என் மிளகாய்த்தூள். மரம் ஒன்றுகூட இல்லாத நிலம் என்பதால் காற்றுக்கு மறிப்பு இல்லை. நான் வெங்காயம் தாளித்தால் ஊரின் மறுகரையில் உள்ள பள்ளிக்கூடத்துக்கு மணக்கும் என்று ஆசிரியை ஒருவர் சொன்னார்.

ஊர் சின்னது என்றாலும் மேயர் இருந்தார், நகரசபை இருந்தது. நகரசபை என்றால் ஒரு தகரக் கட்டடமும், இரண்டு தண்ணீர் லொறியும், ஒரு கழிவு லொறியும், பனி வாரும் இயந்திரமும். நிலத்துக்குள் குழாய் புதைக்க முடியாது, எல்லாம் உறைந்துபோய்விடும். லொறி வந்துதான் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பும். கழிவுத் தொட்டி நிறைந்துவிட்டால் வீட்டுக்கு வெளியே ஒரு சிவப்பு விளக்கு எரியும். எங்கள் விளக்குத்தான் அடிக்கடி எரியும். மூன்று தரம் அரிசி களைகிற பழக்கத்தை அந்த ஊரில்தான் விட்டேன்.

ஒவ்வொரு வீட்டிலும் உள்ளூர் வானொலி நாள் முழுக்க ஓடும். யாருடைய நாய் அவிழ்ந்துவிட்டது, யார் மீன் பகிர்கிறார்கள், யாருடைய கையுறை எங்கே கிடக்கிறது, எல்லாம் அதில்தான். அவரவர் தொலைபேசியில் அழைத்துப் பேசுவார்கள், ஊர் முழுக்கக் கேட்கும். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. இவர் வேலைக்குப் போனதும் அணைத்துவிடுவேன்.

"அதை ஓடவிடும். ஊரிலை நடக்கிறது அதிலைதான் வருது" என்று இவர் பலமுறை சொன்னார்.

"விளங்காத பாசையிலை ஊர்ப்புதினம் கேட்டு நான் என்ன செய்யிறது?"

ஆரணிக்கு இரண்டே மாதத்தில் பாதி விளங்கியது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஆமென்பதற்குப் புருவத்தை உயர்த்தின, இல்லையென்பதற்கு மூக்கைச் சுருக்கின. அவளும் வாயைத் திறப்பதை நிறுத்திவிட்டாள். "சாப்பிட்டனீயோ?" என்றால் புருவம் ஏறும். "கை கழுவினனீயோ?" என்றால் மூக்கு சுருங்கும்.

"வாயாலை சொல்லு பிள்ளை. தமிழ்ப் பிள்ளையெல்லோ."

புருவம் ஏறும்.

பள்ளிக்கூடம் விட்டால் அலாசி வீட்டில்தான் இருப்பாள். முப்பது அடி தள்ளி. அங்கே தட்டிக்கொண்டு யாரும் போவதில்லை. கதவைத் திற, சப்பாத்தைக் கழற்று, உட்கார். வந்த காரணம் சொல்லத் தேவையில்லை. கதவு ஏன் பூட்டுவதில்லை என்று கடையில் ஒருவர் இவருக்கு விளக்கியிருந்தார். பனிப்புயல் வந்தால் கை நீளத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அப்போது எந்தக் கதவு கையில் தட்டுப்படுகிறதோ அதற்குள் போக வேண்டும். அது எவருடைய வீடாகவும் இருக்கட்டும்.

இவர் வந்து அதை எனக்குச் சொன்னார். நான் கேட்டேன், தலையாட்டினேன், திறாங்கைப் போட்டேன்.

தட்டுகிறவர்கள்

என்னை நியாயப்படுத்த இதை எழுதவில்லை. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் அடுத்தது விளங்காது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரிலும் யாரும் கதவைத் தட்டுவதில்லை. வருகிறவர்கள் வேலிப் படலையடியில் நின்று "வீட்டுக்காரர்!" என்று கூப்பிடுவார்கள். தபால்காரர் சைக்கிள் மணியை அடிப்பார். தெரிந்தவர்கள் படலையைத் திறந்துகொண்டு பேசியபடியே குசினிவரை வருவார்கள். என் பதினெட்டு வயதுவரை வீட்டுக் கதவில் விரல் முட்டியால் தட்டும் சத்தத்தை நான் கேட்டதாக நினைவில்லை.

கேட்டபோது மத்தியானம். அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தா. பெரியண்ணை கை கழுவிவிட்டு வந்து இருந்தார். ஐந்தோ ஆறோ தட்டு, விட்டுவிட்டு. நான்தான் போய்த் திறந்தேன்.

தோளில் தொங்கிய துவக்குகளோடு நின்றார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். கொஞ்சம் விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்றார்கள். பெரியண்ணை பதினோராம் நாள் திரும்பி வந்தார். அதன்பிறகு கதவைப் பார்த்தபடி உள்ள கதிரையில்தான் எப்போதும் இருப்பார். சாப்பிடும்போதும்.

திறந்தது நான். அதை எவரும் எனக்குச் சொல்லிக்காட்டவில்லை. எனக்கு எவரும் சொல்லிக்காட்டத் தேவையும் இருக்கவில்லை.

கதவின் கீழ்ப்பாதி

அது எங்கள் முதலாவது குளிர்காலத்தின் நடுப்பகுதி. காலையில் வானம் கண்ணாடி போல இருந்தது. ஆரணியைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். மூன்றரைக்குத்தான் திரும்பி வருவாள்.

மத்தியானத்துக்குப் பிறகு காற்று எழுந்தது. யன்னலில் முதலில் அலாசி வீட்டுக் கூரை மறைந்தது. பிறகு சுவர் மறைந்தது. பிறகு எங்கள் படிக்கட்டே மறைந்தது. வெள்ளைத் துணியால் வீட்டைச் சுற்றிக் கட்டியது போல இருந்தது. நான் பருப்பு அடுப்பில் வைத்திருந்தேன். வானொலி அணைத்துக் கிடந்தது. புயல் வருகிறது, பள்ளிக்கூடம் நேரத்தோடு விடுகிறது, பிள்ளைகளைப் பஸ் கொண்டுவருகிறது என்று அதில் மூன்று பாசையில் சொல்லியிருக்கிறார்கள்.

கதவில் சத்தம் கேட்டது.

முதலில் கைப்பிடி அசைந்தது. பிறகு தட்டு. ஒன்று. இரண்டு. விட்டு, மூன்று.

இந்த ஊரில் யாரும் தட்டுவதில்லை. அப்படியானால் தட்டுவது யார்? என் மூளை அவ்வளவுதான் யோசித்தது. அதற்குப் பிறகு யோசித்தது மூளை இல்லை. அகப்பையை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தேன். சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்பதற்காக. சுவரோடு சாய்ந்து நின்றேன்.

நான்கு. ஐந்து.

கொஞ்சம் இடைவெளி.

ஆறு.

பிறகு இல்லை. காற்று மட்டும்.

அந்தத் தட்டு கதவின் கீழ்ப்பாதியிலிருந்து வந்தது. என் இடுப்பு உயரத்துக்கும் கீழே. எந்தத் துவக்குக்காரன் இடுப்புக்குக் கீழே தட்டுவான்? இருபது வருடமாக நான் என்னைக் கேட்பது இதைத்தான். காதில் விழுந்தது. உயரமும் தெரிந்தது. ஆனாலும் நான் நின்ற இடத்தில் நின்றேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தொலைபேசி அடித்தது. இவர்.

"இஞ்சேரும், பிள்ளை எங்கை?"

"பள்ளிக்கூடத்திலை."

"பள்ளிக்கூடம் விட்டு எவ்வளவு நேரம்! பிள்ளை அலாசி வீட்டிலை. அவதான் றேடியோவுக்கு எடுத்துச் சொல்லுறா. கடையிலை நிண்ட சனம் எல்லாம் திரும்பி என்னைப் பாக்குது. ஊர் முழுக்கத் தெரியும், உமக்குத்தான் தெரியாது."

மேலங்கியைப் போட்டேனா என்று நினைவில்லை. ஒரு காலில் சப்பாத்து, மற்றதில் காலுறை. திறாங்கை இழுத்துக் கதவைத் திறந்ததும் காற்று என்னை உள்ளே தள்ளியது. படியின் கம்பியைப் பிடித்து இறங்கி, அலாசி வீட்டுப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு நடந்தேன். முப்பது அடி. கை மரத்தில் முட்டியது. கதவு.

நான் அதைத் தட்டினேன். இரண்டு கையாலும் தட்டினேன்.

உள்ளே பேச்சுச் சத்தம் நின்றது. யாரும் வரவில்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்லைப் போலும். பிறகு கதவு திறந்தது. கீழே, கையில் சூப்புக் கோப்பையோடு, ஆரணி.

"ஏன் அம்மா தட்டுறீங்கள்? சும்மா வாங்கோ."

அவளுடைய இடது காதின் விளிம்பு மெழுகு போல வெள்ளையாக இருந்தது. தொப்பி விலகியிருக்கிறது. ஒரு கையுறையைக் காணவில்லை. அலாசி தன் உள்ளங்கையை அந்தக் காதின்மேல் வைத்து, தேய்க்காமல், அழுத்தாமல், சும்மா மூடிக்கொண்டிருந்தார்.

நான் என் காதைத் தொட்டுக் காட்டி, வெளியே காற்றைக் காட்டி, கையை விரித்தேன். கேட்கவில்லை என்று. அலாசியின் புருவம் ஏறவில்லை. மூக்கும் சுருங்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்திலை கேக்கேல்லை" என்று இவருக்கும் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கும் சொன்னேன். பிறகு தொலைபேசியில் என் அம்மாவுக்கும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது உண்மை மாதிரியே ஆகிவிட்டது. ஒரு காது மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. குளிர் பட்டால் ஆரணியின் இடது காது இன்றைக்கும் முதலில் வெளுக்கும். எந்தக் கடைக்குப் போனாலும் காதை மூடுகிற தொப்பி ஒன்று வாங்கிக்கொண்டு வருவேன். "அம்மாக்குத் தொப்பி வருத்தம்" என்று என் நோய்க்குப் பேர் வைத்திருக்கிறாள்.

மறுநாள்

மறுநாள் காற்று ஓய்ந்து, வெயில் கண்ணைக் குத்தியது. காலை பத்து மணி இருக்கும். கதவில் சத்தம்.

இரண்டு தட்டு. மெதுவாக.

நான் போய்த் திறந்தேன். அலாசி நின்றார். கையில் ஆரணியின் மற்றக் கையுறை. எங்கள் படியில் பனிக்குள் புதைந்து கிடந்திருக்கிறது. அதைத் தந்துவிட்டு அங்கேயே நின்றார். நான் கையால் உள்ளே காட்டும்வரை வாசலைத் தாண்டவில்லை.

பூட்டாத நேரம் பார்த்து நான்கு மாதம் வந்து என் சோபாவில் இருந்துவிட்டுப் போனவர். என் தேநீரில் எத்தனை கரண்டி சீனி என்று அறிந்தவர். இந்த ஆட்களுக்குத் தட்டினால்தான் பிடிக்கும் என்று எனக்காக ஒரு புதுப் பழக்கம் பழகிக்கொண்டு வந்து நின்றார்.

முதல்நாள் வராத அழுகை அப்போது வந்தது.

இவர் மத்தியானம் சாப்பிட வந்தார்.

"கழட்டுங்கோ" என்றேன்.

"என்னத்தை?"

"திறாங்கை."

இவர் ஏன் என்று கேட்கவில்லை. சாப்பிடுமுன்னமே நான்கு ஆணியையும் கழற்றினார். கதவில் நான்கு துளை மிஞ்சியது. அடுத்த தரம் அலாசி வந்தபோது தானாகவே திறந்துகொண்டு வந்தார். போகும்போது அந்தத் துளைகளில் ஒன்றுக்குள் சுண்டு விரலை விட்டுப் பார்த்து, சிரித்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அங்கே இருந்த ஒன்றரை வருடமும் எங்கள் கதவு பூட்டப்படவில்லை. ஆட்கள் வந்தார்கள், இருந்தார்கள், போனார்கள். குசினிக்கு வந்தால் மேசையில் ஒரு மீன் கிடக்கும், வைத்தவரைக் காணோம். நானும் பழகிக்கொண்டேன். பின்னேரங்களில் அலாசி வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். அவர் தைப்பார். ஊசி தோலுக்குள் இறங்கும் சத்தம் கேட்கும். என் பதினெட்டு வயதுக்குப் பிறகு முதுகைக் கதவுக்குக் காட்டி நான் இருந்தது அந்த வீட்டில்தான்.

திரும்பி மொன்றியலுக்கு வந்த முதல் கிழமையே, ஆரணி கீழ்மாடியில் இருந்த கிரேக்க அம்மாவின் வீட்டுக்குள் தானாகப் போய், சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அவருடைய சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த அம்மா போட்ட சத்தத்தில் கட்டடமே வெளியே வந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, தட்டவும் பூட்டவும் நான்தான் மறுபடி பழக்கினேன்.

சனிக்கிழமை

அந்த ஊருக்கு வேலைக்குப் போகிறேன் என்று அவள் சொன்னபோது நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. இவர்தான் "போகட்டும். அவளுக்கு அது ஊரெல்லோ" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் அழைத்தாள். இப்போது நாங்கள் இருக்கும் லவாலில், எங்கள் குசினியில் நான் தொலைபேசியை மேசையில் நிறுத்தி வைத்திருந்தேன். இவர் எதிரில் இருந்து வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். திரையில் ஆரணி. பின்னால் வானொலி ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா, அலாசி என்னைக் கண்டவுடனை காதைப் பிடிச்சுப் பாத்தவா. இண்டைக்கு எங்கட பழைய வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவா. கதவு அதேதான். நாலு ஓட்டை இருக்கு. இஞ்சை எங்களுக்கு என்ன பேர் தெரியுமோ? பூட்டுக்காரர்!"

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"அப்பதான் அந்தக் கதையைச் சொன்னவா. நான் புயலுக்குள்ளை வந்து நிண்ட கதை." தொலைபேசியைக் கிட்டக் கொண்டுவந்தாள். "அம்மா, அண்டைக்கு நான் தட்டினது உங்களுக்குக் கேட்டதோ?"

காத்திலை கேக்கேல்லை என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. இருபது வருடம் பழகிய சொல்.

"கேட்டது" என்றேன்.

வெங்காயம் வெட்டும் சத்தம் நின்றது.

"கேக்கேல்லை எண்டெல்லோ சொன்னீங்கள்."

"ஓம். அது பொய். ஆறு தரம் தட்டினனீ."

"எண்ணிக்கொண்டு நிண்டனீங்களோ அம்மா?"

பெரியண்ணையின் கதையைச் சொன்னேன். துண்டு துண்டாக, முன்பின்னாக. அவள் இடையில் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் வானொலியில் ஒரு கிழவர் எதையோ சொல்லிச் சிரித்தார்.

"எனக்குத் தட்டினது ஞாபகமே இல்லை" என்றாள் கடைசியில். "அலாசி தந்த சூப்புத்தான் ஞாபகம். கதவு திறக்காட்டி ஆக்கள் இல்லை, பக்கத்து வீட்டை போறது. இஞ்சை எல்லாப் பிள்ளையளும் அப்பிடித்தானே." பிறகு, "ஆனா நீங்கள் சொல்லியிருக்கலாம்" என்றாள். குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"ஓம்" என்றேன்.

அப்போது அவளுக்குப் பின்னால் கதவு திறந்தது. பூப்போட்ட மேலங்கி. முடி முழுக்க நரைத்துவிட்டது. குனிந்து சப்பாத்தைக் கழற்றி வைத்தார். வந்து ஆரணியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். திரையில் என்னைக் கண்டதும் புருவம் ஏறியது. நானும் ஏற்றினேன். இவரும் ஈரக் கையோடு எழுந்து வந்து என் தோளுக்கு மேலால் ஏற்றினார்.

"அம்மா, இன்னொண்டு" என்றாள் ஆரணி. "வேலை செய்யிற இடத்திலை தெற்காலை இருந்து வந்த ஆக்கள் எல்லாரும் வீட்டைப் பூட்டச் சொல்லுறாங்கள். தனிய இருக்கிற பிள்ளை எண்டு. நாளைக்குப் புயல் எண்டும் றேடியோ சொல்லுது. நான் என்ன செய்யிறது? பூட்டட்டோ?"

இதை ஏன் என்னிடம் கேட்டாள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பூட்டென்று சொல்லுவேன் என்று தெரிந்துதான் கேட்டிருப்பாள். என் உடம்பில் உள்ள ஒவ்வொரு எலும்பும் அதைத்தான் சொன்னது. இருபத்தைந்து வயதுப் பெண் பிள்ளை, தனி வீடு, விமானம் தவிர வேறு வழியில்லாத ஊர். இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார். இது நான் சொல்லவேண்டிய பதில்.

"நித்திரைக்குப் போகேக்கை பூட்டு" என்றேன். "பகலிலை, காத்தடிக்கிற நேரம் பூட்டாதை பிள்ளை."

அவள் வாயைத் திறக்கவில்லை. புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.

ஞாயிறு முழுக்க அங்கே புயல். தொலைபேசி எடுபடவில்லை. திங்கள் காலையில் ஒரு வரி வந்தது: "நேத்து மூண்டு பேர் உள்ளுக்கு வந்து இருந்தவை அம்மா. தேயிலை முடிஞ்சுது."

அந்த வரியைப் படித்துவிட்டு எழுந்து எங்கள் முன்கதவுக்குப் போனேன். வடக்கிலிருந்து திரும்பும்போது இவர் அந்தத் திறாங்கைச் சாரத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். லவால் வீட்டுக் கதவில் இருப்பது அதுதான், அதே நான்கு ஆணியோடு. இழுத்துத் திறந்தேன். வெளியே வெயில். பக்கத்து வீட்டுக்காரர் பனி வாரிக்கொண்டிருந்தார். கையைக் காட்டினார், நானும் காட்டினேன்.

பிறகு கதவைச் சாத்தி, திறாங்கைப் போட்டுவிட்டு, அவளுக்குத் தேயிலை வாங்கி அனுப்பப் பெட்டி தேடினேன்.